'எனக்கும் நீந்தத் தெரியும் அண்ணா'

பள்ளிக்கூடம் விட்டுச் சைக்கிள்கள் கூட்டமாகப் போகும் நேரம். ஏ.எல். (உயர்தரம்) படிக்கும் அண்ணாமார் மூன்று பேர், போன கிழமை திருகோணமலை டச்பே கடற்கரையில் குளித்த கதையைச் சொல்லிக்கொண்டு மெதுவாக மிதிக்கிறார்கள். பக்கத்தில் தரம் 7 பெடியன் ஒருவன் காதைத் தீட்டிக்கொண்டு வருகிறான். ஓர் அண்ணா திரும்பி, "நீ நீந்துவியோ?" என்கிறார். கேட்டவருக்கு அது வாயில் வந்த கேள்வி, அவ்வளவுதான். பெடியனுக்கோ, பள்ளிக்கூடக் கிரிக்கெட் அணியில் முதலாவதாக மட்டை பிடிக்க இறங்கும் அண்ணா இன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தன்னோடு கதைக்கிறார். "ஓம் அண்ணா, நல்லா நீந்துவன். மாமாவோட கடலுக்குப் போறனான்."

எங்கள் பக்கத்தில் இதைப் பொய் என்று சொல்லமாட்டார்கள், புளுகு என்பார்கள். இரண்டும் ஒன்றில்லை. அடிக்குப் பயந்து சொல்வது பொய். ஒருவருடைய கண்ணில் ஓர் அங்குலம் உயரமாக நிற்பதற்காகச் சொல்வது புளுகு. பொய்யில் பிள்ளை எதையோ ஒளிக்கிறது. புளுகில் பிள்ளையின் ஆசை வெளியே வந்துவிடுகிறது. நீந்துவேன் என்று சொன்ன பெடியனுக்கு நீந்த ஆசை. அதைவிட, அந்த அண்ணாமாரோடு சேர்ந்து போக ஆசை. இரண்டிலும் பிழை இல்லை. இதை மனதில் வைக்காமல் கையைத் தூக்கும் பெரியவர்கள், பிள்ளை தன் வாயாலேயே காட்டிக்கொடுத்த ஆசையைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

பெரிய வகுப்புக்காரரிடம் பிள்ளைகள் விடும் புளுகுகளில் அநேகமானவற்றுக்குத் தவணை கிடையாது. "கோணேசர் மலையில நிண்டு திமிங்கிலம் பார்த்தனான்" என்றால் அண்ணா ஒரு சிரிப்புச் சிரிப்பார், கதை அதோடு சரி. (அந்தக் கதை உண்மையாகவும் இருக்கலாம். துறைமுக வாசலிலேயே ஆழ்கடல் பள்ளத்தாக்கு தொடங்குவதால் நீலத் திமிங்கிலங்கள் இங்கே கரைக்குக் கிட்டவே வருவதுண்டு.) சித்தப்பா கனடாவிலிருந்து போன் அனுப்பப்போகிறார் என்பதும் இரண்டு மாதத்தில் மறந்துபோகும். ஒரு வேலை தெரியும் என்று சொல்லும் புளுகு அப்படியில்லை, அதற்குத் தவணை உண்டு. மிருதங்கம் வாசிப்பேன் என்றவனுக்கு வாணிவிழா வரைக்கும் காலம் இருக்கிறது. அகப்பட்டாலும் வெட்கத்தோடு போய்விடும். நீந்துவேன் என்றவனுக்கோ தவணை, அண்ணாமார் மறுபடி கடலுக்குப் போகும் வருகிற சனிக்கிழமை. அது வெட்கத்தோடு முடியாமலும் போகலாம்.

இந்த ஊரில் இந்தப் புளுகு இவ்வளவு சுலபமாக வாயில் வருவதற்குக் காரணம் உண்டு. எந்தப் பக்கம் போனாலும் கடல் இருக்கும் ஊர் இது. திருமலைப் பிள்ளைக்கு நீந்தத் தெரியாது என்றால் வெளியூர்க்காரர் நம்பமாட்டார்கள். ஆனால் நகரத்துக்குள் வளரும் எத்தனையோ பிள்ளைகள் கடலைப் பார்த்து வளர்ந்தார்களே தவிர அதற்குள் இறங்கி வளரவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடலுக்குப் பிள்ளையை விடாத வீடுகள் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகள் இப்போது பெற்றோராகிவிட்டார்கள், அவர்களிலும் பலருக்கு நீந்தத் தெரியாது. பெண்பிள்ளைகள் என்றால் முழங்காலளவு தண்ணீரில் சட்டையைப் பிடித்தபடி நிற்பதோடு சரி. கடற்றொழில் வீட்டுப் பிள்ளை எட்டு வயதில் அலைக்குள் பாய்ந்து விளையாடும். அதே வாங்கில் பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குக் கழுத்தளவுத் தண்ணீர் எப்படி இருக்கும் என்றே தெரியாது. "தெரியாது" என்று சொல்வது அந்தப் பிள்ளைக்கு ஊர்ப் பெயரையே விட்டுக்கொடுப்பதுபோல இருக்கிறது.

புளுகைக் கூர்ந்து கேட்டால் அதன் உறுப்புகள் தெரியும். முதலில் ஒரு சாட்சி வருவார், அவர் எப்போதும் தூரத்தில்தான் இருப்பார்: மூதூரில் மாமா, கனடாவில் சித்தப்பா. பிறகு ஓர் இடம் வரும், அது கேட்பவர் நேற்றுப் போகாத இடமாக இருக்கும். கடைசியில் ஓர் அளவு வரும், புளுகு உடைவது அந்த அளவில்தான். "நிலாவெளியிலயிருந்து புறாமலைக்கு நீந்திப் போனனான்" என்று ஒரு பிள்ளை சொன்னால், கரையிலிருந்து அந்தத் தீவு ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். குளத்தில் ஒழுங்காக நீந்தும் ஒருவருக்கே ஒரு கிலோமீற்றருக்கு இருபது நிமிடத்துக்கு மேல் பிடிக்கும், கடலில் இன்னும் கூட. போதாக்குறைக்கு அது 2003இலிருந்து தேசிய பூங்கா, எல்லோரும் அனுமதிச்சீட்டு எடுத்துப் போட்டில்தான் போவார்கள். கன்னியாவில் நீந்தப் பழகினேன் என்று சொல்லும் பிள்ளையும் இருக்கும். அங்கே உள்ள ஏழும் வாளியால் அள்ளி வார்க்கும் சிறு வெந்நீர்க் கிணறுகள்.

உடைக்கத் தெரிந்தால் போதாது. புளுகுக்குள் ஓர் உண்மை விதை கிடக்கும், அதைத் தேடி எடுக்கவேண்டும். மாமா இருக்கிறார், அவரிடம் வள்ளம் இருக்கிறது, பிள்ளை அதில் ஏறியும் இருக்கிறது. இறங்கி நீந்தியது மட்டும்தான் கூட்டிச் சேர்த்தது. "மாமாட வள்ளத்தில போனியாமே, இஞ்சின் எத்தனை குதிரைவலு?" என்று கேட்டுப்பாருங்கள். பிள்ளை உண்மையாகத் தெரிந்த விஷயத்தை மளமளவென்று சொல்லும், முகம் தெளியும். கால் வைக்க ஒரு கட்டை கிடைத்தபின், "ஆனா நீந்தினதில்ல" என்று இறங்கிவருவது அதற்குச் சுலபம். ஒரேயடியாக "எல்லாம் புளுகு" என்று தள்ளினால் வள்ளமும் சேர்ந்து பொய்யாகிவிடும். பிறகு பிள்ளை எல்லாவற்றையும் சேர்த்தே காப்பாற்றப் பார்க்கும்.

வீட்டில் இது எப்படித் தெரியவரும்? வெள்ளிக்கிழமை பின்னேரம் இல்லாத தடிமன் வரும். வாளித் தண்ணீருக்குள் முகத்தை வைத்து எண்ணும் சத்தம் குளியலறையிலிருந்து கேட்கும். இன்னும் தெளிவான அடையாளம், விறாந்தை வாங்கில் குப்புறப் படுத்து, போனில் நீச்சல் வீடியோவைப் போட்டுவிட்டு, கைகளை மாற்றி மாற்றி வீசுவது. அந்தக் காட்சியைக் கண்டால் சிரிக்கவேண்டாம். பிள்ளை தன் வாக்கைக் காப்பாற்றப் பாடுபடுகிறது. அதே நேரம், அடுத்த நாள் தண்ணீரில் இறங்கப்போகிறது என்பதையும் அது சொல்கிறது.

அந்த இடத்தில் பெரியவர்கள் விடும் பெரிய பிழை, விடை தெரிந்துகொண்டே கேள்வி கேட்பது. "உனக்கு உண்மையா நீந்தத் தெரியுமோ? சொல்லு பாப்பம்!" என்ற கேள்வி பிள்ளையை இரண்டாவது புளுகுக்குத் தள்ளும். முதலாவது ஆசையில் வந்தது, இரண்டாவது பயத்தில் வரும். அதற்குப் பிறகு பின்வாங்க இடமே இருக்காது. கேள்வியை விட்டுவிட்டு, தெரிந்ததைத் தெரிந்ததாகச் சொல்லுங்கள்: "நாளைக்கு அண்ணாமாரோட கடலுக்குப் போற கதை கேள்விப்பட்டன். உனக்கு இன்னும் நீச்சல் பழக்கேல்ல, அது எங்கட பிழை. எப்பிடிச் செய்வம்?" கடைசியில் உள்ள "செய்வம்" முக்கியம். பிரச்சினையில் பாதியைப் பெரியவர் தூக்கிக்கொள்கிறார்.

ஏச்சு ஏன் வேலை செய்யாது என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. காங் லீ, விக்ரோறியா தல்வார் முதலான உளவியலாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு ஒழுக்கக் கதைகள் சொல்லிப் பார்த்தார்கள். பொய் சொன்னவன் தண்டனை அனுபவிக்கும் கதைகள் பிள்ளைகளின் நேர்மையைக் கூட்டவில்லை. உண்மையைச் சொன்னதற்காகப் பாராட்டுக் கிடைக்கும் கதை கூட்டியது. பன்னிரண்டு வயதுக்காரன் அந்தக் குழந்தைகளைவிடப் பெரியவன்தான். ஆனாலும் உண்மை சொன்னால் என்ன கிடைக்கும் என்ற கணக்கை அவனும் போடுகிறான். கிடைப்பது அடி என்றால் கடலே மேல் என்று அவனுக்குத் தோன்றும்.

இனி, சொன்னதைத் திருப்பி எடுப்பது. இதைப் பிள்ளைதான் செய்யவேண்டும், அம்மா போன் எடுத்து அண்ணாவிடம் சொல்லக்கூடாது. மூன்று சின்ன வாக்கியம் போதும்: "அண்ணா, அண்டைக்கு நான் சொன்னது புளுகு. எனக்கு நீந்தத் தெரியாது. பழகவேணும் எண்டு ஆசை." மூன்றாவதை விடக்கூடாது, முதல் இரண்டையும் சொல்லும் தைரியத்தைக் கொடுப்பதே அதுதான். காரணம் சொல்லத் தொடங்கினால் இன்னொரு கதை கட்டவேண்டி வரும், ஆகவே காரணம் வேண்டாம். வட்ஸ்அப்பில் எழுதவும் வேண்டாம், படம் பிடித்து வகுப்பு முழுக்க அனுப்பிவிடுவார்கள். சொல்ல நல்ல இடம் சைக்கிள் பாதை. பக்கத்துப் பக்கத்தில் போகும்போது முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, சொல்லி முடித்ததும் ஒழுங்கைக்குள் திரும்பிவிடலாம். கடற்கரையில் நாலு பேர் சேட்டைக் கழற்றிக்கொண்டு நிற்கும்போது சொல்வது எல்லாவற்றையும்விடக் கடினம், அதற்கு முதல் நாளே சொல்லிவிடவேண்டும். வீட்டில் இரண்டு தடவை சத்தமாகச் சொல்லிப் பழகினால் நாக்கு இடறாது.

கேட்ட அண்ணாவோ அக்காவோ சொல்லவேண்டிய மறுமொழியும் குறுகியதுதான். "நல்லகாலம் இப்ப சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை வா, பழக்கிறன்." அதோடு வாயை மூடிக்கொள்ளவேண்டும். மற்றவர்களுக்கு இதை ஒரு பகிடியாகச் சொன்னால், அடுத்த தடவை எந்தச் சின்னப்பிள்ளையும் அவரிடம் உண்மை சொல்லாது.

எல்லாப் பிள்ளைகளும் சொல்லமாட்டார்கள். ஆகவே கடற்கரைக்குக் கூட்டிப்போகும் பெரிய பெடியன்களுக்குப் பார்வை வேண்டும். நீந்தத் தெரியாமல் தெரியும் என்று சொன்ன பிள்ளை, எல்லாரும் பாய்ந்து இறங்கும்போது சப்பாத்து நூலை மெதுவாக அவிழ்க்கும். "உங்கட போன், செருப்பு எல்லாம் நான் பாக்கிறன், நீங்க குளியுங்கோ" என்று தானாகக் கேட்டு வாங்கும். இறங்கினாலும் முழங்கையைத் தண்ணீருக்கு மேல் தூக்கி வைத்திருக்கும். முகத்தில் ஒரு துளி தெறித்தாலும் இரண்டு கையாலும் துடைக்கும்; நீந்தத் தெரிந்தவர்கள் கண்ணைச் சிமிட்டிவிட்டு அப்படியே இருப்பார்கள். அடிக்கடி திரும்பிக் கரையைப் பார்க்கும். சில பிள்ளைகள் கைகளை நீந்துவதுபோல வீசிக்கொண்டே, ஒரு காலால் நிலத்தை உன்னி உன்னிப் போவார்கள். தூரத்தில் அது நீச்சல்போலத்தான் தெரியும். தலை மேலும் கீழுமாகத் துள்ளுவதைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். இதில் ஆபத்து என்னவென்றால், கடலடி மணல் சமமாக இருக்காது. அலை அரித்த குழி ஒன்றில் அந்த ஒற்றைக்கால் நிலம் தேடும்போது நிலம் இருக்காது.

இதைக் கண்டதும் "டேய், கதை விட்டியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டால், பிள்ளை ஆழத்தை நோக்கித்தான் போகும். வெட்கம் கண்முன்னே நிற்கிறது, ஆழம் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனக்குத் தெரிந்தமட்டில் இதற்கு ஒரே நல்ல வழி, ஒருவரையும் தனியாகப் பிரிக்காத விதி. முதல் தடவை வந்தவரோ பத்து வருடம் நீந்தினவரோ, அன்றைக்கு இறங்குகிற ஒவ்வொருவரும் முதலில் இடுப்பளவுத் தண்ணீரில் மல்லாந்து ஒரு நிமிடம் மிதந்து காட்டவேண்டும். பிறகு கரைக்குச் சமாந்தரமாக, கால் ஊன்றாமல், ஏறக்குறைய 25 மீற்றர் நீந்தவேண்டும். ஆகப் பெரியவரே முதலில் செய்து காட்டவேண்டும். செய்யாதவர் அன்றைக்கு இடுப்பளவைத் தாண்டுவதில்லை, அவ்வளவுதான். கேள்வியும் இல்லை, விளக்கமும் இல்லை.

நீந்தாதவருக்கு உண்மையான வேலை ஒன்று இருக்கிறது, அதை அலட்சியமாகக் கொடுக்கக்கூடாது. கரையில் நின்று, ஐந்து நிமிடத்துக்கொரு தடவை தலைகளை எண்ணுவது. எண்ணிக்கை குறைந்தால் உடனே சத்தம் போடுவது. ஆபத்தில் எறிய வைத்திருக்கும் கயிற்றுக்குப் பக்கத்தை விட்டு நகராமல் நிற்பது. 1990 அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும் என்று தெரிந்திருப்பதும், நிற்கும் இடத்தின் பெயரைச் சொல்லத் தெரிந்திருப்பதும் அந்த வேலைக்குள் அடக்கம். செருப்பைக் காவல் காக்கும் பெடியனைவிட இந்தப் பெடியனுக்கு மரியாதை அதிகம், அவனுக்கும் அது தெரியும்.

பெரிய பெடியன்களிடமும் ஒரு புளுகு உண்டு. "நான் நிக்கிறன்தானே, நான் பாத்துக்கொள்ளுறன்" என்பது அது. சின்னவனின் புளுகைவிட இது ஆபத்தானது, நம்பி வருகிறவர்கள் இருப்பதால். தனக்கு நீந்தத் தெரிவது வேறு, மூழ்கும் ஒருவரை இழுத்துவரத் தெரிவது வேறு. மூச்சுக்குத் தவிக்கும் ஆள் கைக்குக் கிடைத்ததன்மேல் ஏறுவார். பத்து வயதுப் பிள்ளைகூட வளர்ந்தவரின் தலையை அமுக்கிவிடும். பயிற்சி இல்லாதவர் தண்ணீருக்குள் போய்த் தூக்கக்கூடாது. எட்டிக் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் எறியவேண்டும்.

எறிய ஒரு பொருளை வீட்டிலேயே செய்யலாம். கடையில் விற்கும் ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்று, மூடி இறுகப் பூட்டக்கூடியது. அதற்குள் ஒரு கோப்பை தண்ணீர் விடுங்கள். முற்றாக வெறுமையாக இருந்தால் காற்று அள்ளிக்கொண்டு போகும், தூரம் போகாது. கைபிடியில் பதினைந்து மீற்றர் நைலோன் கயிற்றைக் கட்டி, மறுமுனையில் கை நுழையும் அளவுக்கு ஒரு வளையம் போடுங்கள். அந்தப் போத்தல் தண்ணீரில் நாலு ஐந்து கிலோவுக்கு மிதப்புக் கொடுக்கும். தலையை வெளியே வைத்திருக்க அது போதும். எறியும்போது ஆளை நோக்கி எறியாமல், அவருடைய தோளைத் தாண்டி எறிந்து, கயிறு அவர்மேல் விழும்படி இழுக்கவேண்டும். எறிபவர் காலை அகட்டி உடலைப் பின்னுக்குச் சாய்த்து நிற்கவேண்டும். கயிறு சிக்காமல் இருக்கவேண்டுமென்றால் வளையமாகச் சுற்றாமல் ஒரு பைக்குள் தளர்வாகத் திணித்து வைப்பது நல்லது.

மூழ்கும் பிள்ளை கத்தாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. கையை உயர்த்தி ஆட்டவும் மாட்டாது. உடல் நேராக நிமிர்ந்து, தலை பின்னால் சரிந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் தாழ்ந்து தாழ்ந்து எழும். கைகள் இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும், ஏணியில் ஏறப்பார்ப்பதுபோல. மூச்செடுக்கவே நேரம் போதாது, கத்த எங்கே நேரம்? இந்த நிலை இருபது செக்கனிலிருந்து ஒரு நிமிடம் வரைதான். அதற்குள் "சும்மா விளையாடுறான்" என்று சொன்னவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். மறுமொழி இல்லையென்றால் போத்தலை எறியுங்கள்.

வெளியே எடுத்த பிள்ளைக்கு மூச்சு இல்லையென்றால் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது. வயிற்றில் இருப்பது வாயால் வந்து மூச்சுக்குழாயை அடைக்கும், நேரமும் போகும். மல்லாத்திப் படுக்கவைத்து, நாடியை (முகவாயை) உயர்த்தி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து முதலில் ஐந்து மூச்சு ஊதுங்கள்; நீரில் மூழ்கியவருக்குக் குறைவது காற்று. பிறகு மார்பின் நடுவில் முப்பது அமுக்கு, இரண்டு மூச்சு, மறுபடி முப்பது. நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது வேகத்தில், மார்பின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு கீழே போகும்படி அமுக்கவேண்டும். தானாக விழித்துக்கொண்டாலும் ஆசுபத்திரிக்குப் போகாமல் வீட்டுக்குக் கூட்டிப்போகக்கூடாது.

இன்னொரு போட்டியையும் சொல்லவேண்டும், அதுவும் புளுகிலிருந்துதான் தொடங்கும்: "நான் ரெண்டு நிமிசம் மூச்சுப் பிடிப்பன்." பிள்ளைகள் அதற்கு முன் வேகமாக மூச்சை இழுத்து இழுத்து விடுவார்கள். அப்படிச் செய்வதால் ஒட்சிசன் கூடுவதில்லை, காபனீரொட்சைட்டுத்தான் குறைகிறது. மூச்செடு என்று உடலுக்குச் சொல்வது அந்தக் காபனீரொட்சைட்டு. அது குறைந்துவிட்டால் எச்சரிக்கை வருமுன்னரே நினைவு தப்பும், சத்தமில்லாமல். இந்தப் போட்டியை நன்றாக நீந்தத் தெரிந்தவர்களோடும் வைக்கக்கூடாது.

சரி, புளுகை உண்மையாக்குவோம். சித்திரையிலிருந்து ஆவணி முடியும்வரை எங்கள் கரையில் கடல் அமைதி. ஐப்பசியிலிருந்து தை மாசி வரை பழக்கப் போகவேண்டாம். அமைதியான மாதங்களிலும் ஒரு பொல்லாப்பு இருக்கிறது. கச்சான் காற்று மேற்கே தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையில் அலையே இருக்காது, குளம்போலக் கிடக்கும். ஆனால் ரயர் ரியூப், காற்று ஊதிய மெத்தை எதுவானாலும் பிள்ளையோடு சேர்த்து வெளியே தள்ளிக்கொண்டு போகும். ஆகவே ரியூப் வேண்டாம், காற்று எழும்புவதற்கு முன் காலை ஆறரையிலிருந்து எட்டு வரைக்கும் பழக்கவேண்டும். உப்புவெளி, அலஸ்தோட்டம் பக்கம் மணற்கரையாக, மெதுவாகச் சரியும் இடம் பாருங்கள். உட்துறைமுகம் அசையாமல் கிடக்கிறதே என்று அங்கே இறங்கவேண்டாம், கரையிலிருந்து சடுதியாக ஆழமாகும் துறை அது. சாம்பல்தீவுப் பாலம், இறக்கக்கண்டிப் பாலம் போன்ற களப்பு வாய்களும் கூடாது. வற்றும் நேரத்தில் களப்புத் தண்ணீர் கடலுக்கு இழுக்கும். பெண்பிள்ளை என்றால் சோல் இல்லாமல், இறுக்கமான ரீசேட்டும் லெக்கின்சும். நனைந்த துணி காலில் சுற்றினால் நன்றாக நீந்துபவரும் தடுமாறுவார்.

முதல் இரண்டு நாளும் நீச்சல் இல்லை. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூக்கால் ஊதி, நிமிர்ந்து, கையால் துடைக்காமல் கண்ணைத் திறக்கப் பழகவேண்டும். அது வந்தால்தான் அடுத்தது. மூன்றாம் நாள் மல்லாந்து மிதப்பது. பழக்குபவர் ஒரு கையைப் பிடரிக்குக் கீழும் மற்றதை இடுப்புக்குக் கீழும் வைக்கவேண்டும். காதுகள் இரண்டும் தண்ணீருக்குள் போகவேண்டும். பிள்ளைகள் காதைக் காப்பாற்றத் தலையைத் தூக்குவார்கள், தலை தூக்கியதும் இடுப்பு தாழும், இடுப்பு தாழ்ந்ததும் முழு உடலும் தாழும். நெஞ்சு நிறைய மூச்சு எடுத்து, வானத்தைப் பார்த்து, தொப்புளை மேலே தூக்கச் சொல்லுங்கள். கால் தாழ்ந்தால் கைகளைத் தலைக்கு மேலாக நீட்டினால் போதும், பாரம் தலைப்பக்கம் போய்க் கால் தானாக எழும். கடல் நீர் நன்னீரைவிட ஏறக்குறைய இரண்டரை வீதம் அடர்த்தி கூடியது, அந்த வகையில் கடல் பழகுபவரின் பக்கம்.

அநேகமானவர்கள் பழக்காமல் விடும் பாடம், மிதந்த பிள்ளை திரும்ப எழுந்து நிற்பது. முழங்காலளவுத் தண்ணீரிலேயே பிள்ளைகள் பதறுவது இதனால்தான். மிதப்பது வந்துவிடும், நிற்கத் தெரியாமல் காலை உதைத்துத் தண்ணீர் குடிப்பார்கள். முழங்கால் இரண்டையும் நெஞ்சை நோக்கி மடக்கி, நாடியை நெஞ்சில் வைத்து, கைகளால் தண்ணீரைப் பின்னிருந்து முன்னுக்கு வாரி இழுத்தால் உடல் நிமிரும். அதற்குப் பிறகுதான் காலை நிலத்தில் வைக்கவேண்டும். இதைப் பத்துத் தடவை, பிறகு இன்னும் பத்துத் தடவை. மல்லாந்ததிலிருந்து குப்புறப் புரள்வதும், குப்புறத்திலிருந்து மல்லாருவதும் அடுத்தது. கை வீச்சும் கால் உதைப்பும் அதற்குப் பிறகு. உதடு நீலித்தால் அன்றைக்குப் போதும், ஒரு தடவைக்கு முப்பது நாற்பது நிமிடத்துக்கு மேல் நீட்டவேண்டாம். கிழமைக்கு மூன்று நாள் போனால் ஒரு பள்ளிக்கூட விடுமுறைக்குள் பெரும்பாலான பிள்ளைகள் மிதந்து, புரண்டு, கொஞ்சத் தூரம் நீந்திவருவார்கள்.

ஒரு காலை பிள்ளை தானாகவே, "அண்ணா, பாருங்கோ" என்று கூப்பிடும். முன்பு புளுகியதும் அதே அண்ணாவிடம்தான். அவர் வந்து இடுப்பளவுத் தண்ணீரில் கையெட்டும் தூரத்தில் நிற்கவேண்டும், போனைக் கரையில் வைத்துவிட்டு. பிள்ளை மூச்சை இழுத்து மல்லாந்ததும் செக்கன்களை எண்ணத் தொடங்கவேண்டும். சத்தமாக எண்ணிப் பயனில்லை, காது தண்ணீருக்குள் இருப்பதால் ஒன்றும் கேட்காது. அதனால் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும்படி கொஞ்சம் குனிந்து, விரல்களை விரித்துக் காட்டவேண்டும். பத்து, இருபது, முப்பது. அறுபது வந்ததும் இரண்டு கையையும் மேலே தூக்கலாம்.